சூசை அடுப்பு சர்வீஸ்

உழவர்கரையில் மாதா கோயிலுக்குப் போகிற தெருவில், செல்போன் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒரு கடை இருக்கிறது. உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். இன்னொருவர் வந்தால் வாசலில் நிற்கத்தான் வேண்டும். கம்பியில் லைட்டர்கள் தொங்கும். பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கேஸ் டியூப் சுருள் சுருளாக. சுவரெல்லாம் ஆணி அடித்து, பித்தளை பர்னர், பாத்திரம் நிற்கும் தாங்கி, திருகு, ரப்பர் வாஷர், பொங்கி வழிவதைப் பிடிக்கிற தட்டு என்று ஒரு அடுப்புக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் மாட்டியிருக்கும். எல்லாவற்றின் மேலும் இப்போது தூசி. கடை திறந்துதான் இருக்கிறது, வியாபாரம்தான் இல்லை. ஊரில் அடுப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஊருக்கு அந்த ஆள் ஆகாதவராகிப் போனார்.

அவர் பெயர் சூசை. மில்லில் பிட்டராக இருந்தவர். மில்லை மூடியபோது கூட வேலை பார்த்தவர்களெல்லாம் கேட் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்க, இவர் ஸ்பேனரும் குறடும் போட்ட ரெக்சின் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக அடுப்பு பார்க்கக் கிளம்பிவிட்டார். கடையெல்லாம் அப்புறம் வந்தது. அடுப்பு ரிப்பேர்காரன் என்றால் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகச் சமையலறைக்குப் போகிறவன். பீரோ சாவி தொங்குகிற ஆணி, மாமியாரும் மருமகளும் பேசாமல் இருக்கிற நாள், சர்க்கரை டப்பாவில் சர்க்கரை இல்லாதது எல்லாம் அவன் கண்ணில் படும். பார்த்ததை வெளியே பேசாதவனைத்தான் மறுபடியும் கூப்பிடுவார்கள். சூசையை மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார்கள்.

அவருக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. புது டியூப் மாட்டினால் பழைய டியூபை அந்த வீட்டு வாசலிலேயே துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடுவார். இல்லாவிட்டால் அதைப் பத்திரமாக எடுத்து வைத்து நாத்தனார் வீட்டு அடுப்புக்குத் தானம் செய்கிற புண்ணியவதிகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். டியூப் சேருகிற இடத்தில் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று முகத்தை ஒட்ட வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்ப்பார். வேலை முடிந்ததும் அடுப்பின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து: சூசை அடுப்பு சர்வீஸ். கீழே போன் நம்பர். கடைசியாக, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசப்படியில் நின்று சொல்லுவார்: “அடுப்புல திருகை மூடினா மட்டும் பத்தாதும்மா. வேலை முடிஞ்சுதா, ரெகுலேட்டரையும் மூடிடணும்.”

இதைச் சொல்லாமல் அவர் செருப்பில் கால் நுழைத்தது கிடையாது. நூறு தடவை போன வீடாக இருந்தாலும் சொல்லுவார். பெண்கள் சிரிப்பார்கள். தெருப் பிள்ளைகள் அவருக்கு ரெகுலேட்டர் அங்கிள் என்றே பெயர் வைத்திருந்தன. அவருக்கு அதில் கோபமில்லை. பெருமைதான்.

அந்தப் பெயரை முதலில் வைத்தவள் மெரின்.

மெரின், அந்தோணிமேரியின் ஒரே பெண். அந்தோணிமேரியின் புருஷன் மில்லில் சூசையோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன். நெஞ்சுவலியில் சீக்கிரமே போய்விட்டான். அவள் கான்வென்ட் ஹாஸ்டலில் சமையல் வேலைக்குப் போய்ப் பெண்ணை பி.காம் வரைக்கும் படிக்க வைத்தாள். சூசைக்கு ரிச்சர்ட் என்று ஒரு பையன் மட்டும்தான். பெண் குழந்தை இல்லை என்ற குறையை அவரும் அவர் மனைவி பவுலினும் மெரினை வைத்துத்தான் தீர்த்துக்கொண்டார்கள். சின்ன வயதில் அவள் இவர் கடையில் உட்கார்ந்து லைட்டரைத் தட்டித் தட்டிப் பொறி பார்த்துக்கொண்டிருப்பாள். பி.காம் முடித்து ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், போகும்போது கடை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, “அங்கிள், நான் மூடிட்டேன், நீங்க மூடினீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

அவளுக்கு வரன் அமைந்தது. சும்மா வரன் இல்லை. மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். சொல்தா குடும்பம் என்றால் புதுச்சேரியில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பையன் பாரிசுக்குப் பக்கத்தில் வேலையில் இருந்தான். கல்யாணம் ஆனால் பெண்ணும் அங்கே போய்விடுவாள். தெருவே அந்தோணிமேரியைப் பார்த்து வயிறு எரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் தெரிவிக்கவும் என்று சாமியார் பீடத்திலிருந்து படிக்கிறபோது பங்குச் சனம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. இரண்டாவது ஞாயிறும் வாசித்தார்கள்.

அடுத்து வந்த சனிக்கிழமைதான் அந்தோணிமேரி சூசையைக் கூப்பிட்டாள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், அடுப்பைச் சுத்தமாகப் பார்த்துக் கொடுங்கள் என்றாள். சூசை பர்னரைக் கழற்றி ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி, திருகுக்குக் கிரீஸ் வைத்து, புது டியூப் மாட்டிக் கிளிப்பை முறுக்கினார். கம்பி பின்னல் உள்ள டியூப், எலி கடிக்க முடியாதது. நுரை வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். மெரின் டீ கொண்டுவந்தாள்.

“அங்கெல்லாம் கரண்ட் அடுப்புதானாம் அங்கிள். மூடுறதுக்கு ரெகுலேட்டரே இருக்காதாம். நான் என்னா பண்ணுவேன்?”

“அங்கயும் எதுனா ஒண்ணு மூடுறதுக்கு இருக்கும். தேடிப் பாரு,” என்றார் சூசை. ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு புது லைட்டரை எடுத்து அவளிடம் கொடுத்தார். “எங்க கல்யாணப் பரிசு வேற வரும். இது சும்மா. அங்க ஒருநாள் கரண்டு போகாமயா இருக்கும்.”

மறுநாள் மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

அதற்குக் காரணம் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வந்தது. பையனுக்கு அங்கேயே ஒருத்தி இருந்தாள் என்பதுதான் கடைசியில் நிலைத்த பதில். மாப்பிள்ளை வீட்டார் ஒரு போன் போட்டு முடித்துக்கொண்டார்கள். இரண்டு ஓலை வாசித்து மூன்றாவது நின்றுபோன பெண் என்றால் எப்படி இருக்கும் என்று வெளியாட்களுக்குப் புரியாது. பங்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புரியும். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று கேட்ட பிறகு நின்றால், தடை இந்தப் பெண்ணிடம்தான் இருக்கும் என்று நினைக்கிற நல்ல மனசு அத்தனை பேருக்கும் இருந்தது. மெரின் வேலைக்குப் போகவில்லை. கடை வாசலில் ஸ்கூட்டி நிற்கவில்லை. சூசை போய்ப் பார்க்கத்தான் நினைத்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் தள்ளிப் போட்டார்.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் அவர் போன் அடித்தது. போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு பேசினார்.

“அடுப்புல உம் பேர் ஒட்டியிருக்குது. நீதான் வேலை பார்த்தியா? ஒடனே அந்தோணிமேரி வீட்டுக்கு வா.”

அவர் போனபோது மெரினை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்தோணிமேரி ஹாஸ்டலுக்குப் போன நேரத்தில் நடந்தது. சமையலறைச் சுவர் கருகியிருந்தது. மேடையின் மேல் அடுப்பு அவர் துடைத்து வைத்தது போலவே இருந்தது. டியூப் அப்படியே. கிளிப் அவர் முறுக்கிய இடத்தில். குனிந்து சிலிண்டரைப் பார்த்தார். ரெகுலேட்டர் மூடியிருந்தது.

சூசைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நெருப்பு அடுப்பிலிருந்து வரவில்லை. அவள் முடிவு செய்துகொண்டுதான் செய்திருக்கிறாள். செய்வதற்கு முன்னால், வீட்டுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று கேஸை மூடியிருக்கிறாள். அவர் சொன்னதை ஊரிலேயே ஒழுங்காகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

“கேஸ் லீக்கா, வேற எதுனாவா? நீதானே வேலை பார்த்தவன், சொல்லு,” என்றார் ஏட்டு.

“கொஞ்ச நேரம் குடுங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுறேன்.”

ஆஸ்பத்திரியில் அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் இறந்திருந்தாள். பிணவறைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் அந்தோணிமேரி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. சுற்றி நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்து, கையைப் பிடித்து மதில் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“சூசைண்ணே. நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேம்மா.”

“நானும் பார்த்தேன். மூடியிருந்துது.” அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். “கோயிலுக்குள்ள கொண்டாரமாட்டாங்கண்ணே. மந்திரிச்சு அடக்கம் பண்ணமாட்டாங்க. எங்க சித்தி கெணத்துல விழுந்து செத்தப்ப கல்லறை வேலிக்கு அந்தாண்ட பொதைச்சாங்க. மணிகூட அடிக்கல. நாய் வந்து தோண்டிச்சு. எங்கம்மா சாவுற வரைக்கும் அந்தப் பக்கம் போகவே இல்ல. எம்பொண்ணை அங்க போடமுடியாதுண்ணே.”

சூசைக்கும் அந்த வேலி தெரியும். சின்ன வயதில் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதென்று அம்மா அவர் தலையைத் திருப்பிவிட்ட கை இன்னும் கன்னத்தில் இருந்தது.

“நான் என்னா செய்யணும்?”

“அடுப்புல கோளாறுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. நான் யார்மேலயும் புகார் இல்லன்னு சொல்லிடுறேன், உங்களை ஒண்ணும் பண்ணமாட்டாங்க.” அவருடைய கையை அவள் விடவில்லை. “ஒரு வருஷ பூசை ஆவட்டும்ணே. நானே நாலு பேர் முன்னாடி நின்னு உண்மையைச் சொல்லிடுறேன். அதுக்கப்பறம் தோண்டியா எடுக்கப்போறாங்க? பழி உங்கமேல தங்காது. மெரின் மேல சத்தியம்.”

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் கொஞ்சம் யோசித்திருப்பான். நேராகச் சாமியாரிடம் போய், சாமி, இப்படி ஒரு சாவு, கோயிலில் வைக்கலாமா என்று கேட்டிருப்பான். அந்தப் பங்கில் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் தலைமுறை தலைமுறையாக யாரும் கேட்காமலே பயந்துகொண்டிருந்தார்கள். சூசையும் கேட்கவில்லை. அவர் மனதில் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கக் கூடாது.

ஏட்டிடம் போய், “கிளிப்பைச் சரியா முறுக்காம விட்டுட்டேன் சார். தப்பு என்னுதுதான்,” என்றார்.

ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ரெகுலேட்டர் மூடியிருந்துச்சே.”

“வந்ததும் நான்தான் சார் மூடினேன். பழக்க தோசம்.”

ஏட்டுக்கு நம்பிக்கை வந்ததோ வரவில்லையோ, வேலை சுலபமாக முடிகிறதே என்ற நிம்மதி வந்தது. பெற்றவளுக்கே புகார் இல்லை. விபத்து என்று முடிந்தது.

மெரினுக்கு மணி அடித்தார்கள். பாட்டுப் பூசை வைத்தார்கள். சாம்பிராணி காட்டி, தீர்த்தம் தெளித்து, அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இரண்டு ஓலை வாசித்த கதையைப் பேசிய அதே வாய்கள், பாவம், தங்கமான பொண்ணு, ஒரு அடுப்புக்காரன் கவனக்குறைவால போயிடுச்சு என்று பேசின. சூசை குழிமேட்டில் நின்று எல்லாரையும் போல ஒரு பிடி மண் போட்டார். அவர் போட்டதும் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகிக்கொண்டார்கள். அவருக்கு அது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. பெண் உள்ளே இருக்கிறாள், வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறாள் என்ற ஆறுதல் அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஆறுதலுக்கு விலை மெல்ல மெல்ல வந்தது.

முதலில் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். லைட்டர் மட்டும் வாங்கிப் போனார்கள். அதைக்கூட இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினார்கள். சிலிண்டர் போடுகிற காத்தவராயன் முன்பெல்லாம் எந்த வீட்டில் என்ன கோளாறு என்றாலும் சூசையைத்தான் சொல்லி அனுப்புவான். அவனே ஒரு நாள் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, “கோச்சுக்காதண்ணே. வீட்டுக்காரங்க வேற ஆளை அனுப்பச் சொல்றாங்க. நான் என்னா பண்றது,” என்று சொல்லிவிட்டுப் போனான். நேரில் சொன்ன வரைக்கும் அவன் மனுஷன். மற்றவர்கள் சொல்லவும் இல்லை. சூசை வேலை பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் அடுப்பின் பக்கவாட்டில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் கத்தியால் சுரண்டி எடுத்தார்கள். ஏதோ கருமாதிச் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டுக்குப் போனபோது அவரே அதைப் பார்த்தார். பசை மட்டும் ஒட்டிக்கொண்டு, ஸ்டிக்கர் இருந்த இடம் கறுப்பாக இருந்தது.

மாதா திருவிழாவுக்குக் கோயிலில் சமைக்கிற பெரிய அடுப்புகளை வருஷா வருஷம் சூசைதான் சும்மா பார்த்துக் கொடுப்பார். அந்த வருஷம் கூப்பிடவில்லை. போய் நின்றார். “வேண்டாம் சூசை, நெறைய சனம் வர்ற எடம்,” என்றார்கள். திரும்பிவிட்டார்.

பவுலினிடம் மட்டும் அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். அவள் முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள். “பேரைத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே. நம்ம கையில வேற என்னா இருந்துச்சு, அந்தப் பேரைத் தவிர?”

“ஒரு வருஷம்தானே. அவளே சொல்றேன்னு சத்தியம் பண்ணியிருக்கா.”

ஒரு வருஷ பூசை வந்தது. அந்தோணிமேரி கறுப்புப் புடவையில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்து வாசலில் எல்லாருக்கும் காபியும் வடையும் கொடுத்தாள். சூசை கடைசி வரைக்கும் நின்றார். அவள் அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. இன்னும் ஆறவில்லை, பாவம், போகட்டும் என்று அவர் வந்துவிட்டார். பிறகு கொரோனா வந்து ஊர் மூடிக்கொண்டது. கேட்க வேண்டிய பேச்சு தள்ளிக்கொண்டே போனது. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? எம் பெண் தானாகச் செத்தாள் என்று ஊருக்குச் சொல் என்று ஒரு தாயிடம் கேட்கிற வாய் அவருக்கு இல்லை.

ரிச்சர்டுக்குக் கல்யாணம் ஆகி ஜெர்லின் மருமகளாக வந்தாள். நல்ல பெண்தான். வந்த சில நாளில் அடுப்பில் ஒரு பக்கம் சரியாக எரியவில்லை. சூசை கடையில் இருந்து திரும்பியபோது யாரோ ஒரு பையன் அவர் வீட்டுச் சமையலறையில், அவர் வீட்டு அடுப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஜெர்லின் சங்கடத்தோடு, “எங்கம்மா வேற ஆளைக் கூப்பிடச் சொன்னாங்க மாமா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க,” என்றாள். ரிச்சர்ட் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூசை வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார். உள்ளே அந்தப் பையன் நுரை வைத்துப் பார்க்கவே இல்லை. அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. உள்ளே போய்ச் சொல்ல வார்த்தை நாக்கு வரை வந்தது. சொன்னால் யார் கேட்பார்கள்?

இத்தனையும் அவர் பொறுத்துக்கொண்டார். ஒரு நல்ல காரியத்துக்காகத்தானே என்று தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போன கல்லறைத் திருநாள் அன்று அதுவும் போயிற்று.

சாயங்காலம் கல்லறை முழுக்கச் சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியுமாக இருந்தது. சூசை தன் அப்பா அம்மா கல்லறையைக் கழுவிப் பூப்போட்டுவிட்டு, மெழுகுவர்த்தியோடு பூசைக்கு நின்றார். பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளவயதுச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: “தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டவங்களுக்காகவும் இன்னிக்கு வேண்டிக்குவோம். அவங்களைக் கோயில்ல வைக்கமாட்டாங்க, மந்திரிக்கமாட்டாங்கன்னு இன்னும் சிலபேர் நினைச்சுக்கிட்டிருக்கீங்க. அந்தச் சட்டத்தை எடுத்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவங்க மனசுல என்ன வேதனை இருந்துச்சோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். திருச்சபை அவங்களை வெளிய நிறுத்தாது.”

மெழுகு உருகிச் சூசையின் விரலில் விழுந்தது. நாற்பது வருஷம். மெரின் பிறப்பதற்கு முன்னாலேயே அந்த வேலி போய்விட்டது. அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒரு கேள்வி, யாராவது ஒருத்தர் போய்ச் சாமியாரிடம் கேட்டிருந்தால் போதும். அவர் பேரைக் கொண்டுபோய் ஒரு இல்லாத வேலிக்கு முட்டுக்கொடுத்திருந்தார்.

கொஞ்ச தூரத்தில் மெரினின் கிரானைட் கல்லறை. விபத்தில் மறைந்த எங்கள் செல்வம் என்று அதில் வெட்டியிருந்தது. அந்தோணிமேரி அங்கேதான் நின்றாள். அவளும் பிரசங்கத்தைக் கேட்டிருப்பாள். சூசைக்கு அன்றைக்குத்தான் கேட்கிற தைரியம் வந்தது. இனி அவளுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பெண்ணை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். ஊர் முழுக்கச் சொல்லவேண்டாம். சாமியாரிடம், ரிச்சர்டிடம், ஜெர்லினிடம் சொன்னால் போதும். தன் வீட்டு அடுப்பைத் தான் தொடுகிற உரிமை வந்தால் போதும்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனார். அந்த நாளுக்குப் பிறகு அந்த வாசப்படியை அவர் மிதிக்கவில்லை. சமையலறைச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். மேடையில் அதே அடுப்பு. பக்கவாட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஊரில் யாரும் சுரண்டாமல் விட்ட ஒரே ஸ்டிக்கர். அதைப் பார்த்ததும், இவள் மறக்கவில்லை என்று நினைத்தார்.

அந்தோணிமேரி காபிக்குப் பால் வைத்தாள். வயதாகியிருந்தாள்.

“சாமியார் நேத்து சொன்னதைக் கேட்டியாம்மா?” என்று மெல்ல ஆரம்பித்தார்.

“கேட்டேன்.”

“நமக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அப்பிடி...” அவர் நிறுத்தினார். “நீ ஒரு வார்த்தை சொன்ன. ஒரு வருஷம் போவட்டும், நானே சொல்லிடுறேன்னு. இப்ப பயமில்ல பாரு. எம் மருமகளுக்காவது சொன்னியானா...”

“எதைச் சொல்லணும்?”

“அது எப்பிடிப் போச்சுன்னு.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அடுப்புல கேஸ் லீக்காகிப் போச்சு. நீ கிளிப்பை முறுக்காம விட்டதால போச்சு. வேற எப்பிடிப் போச்சு?”

சூசை சிலிண்டர் பக்கம் கை காட்டினார். “அந்தோணி, ரெகுலேட்டர் மூடியிருந்துச்சும்மா. நீயும் பார்த்த. வேப்பமரத்தடியில நீதான் சொன்ன.”

“தெறந்துதான் இருந்துது. நீ வந்துதான் மூடின. ஏட்டுகிட்ட நீயே சொன்னியே, நான்தான் மூடினேன்னு. ஊரே கேட்டுதே.”

முப்பது வருஷமாகப் பெண்கள் சமையலறைகளில் பொய் சொல்வதைப் பார்த்தவர் சூசை. பொய் சொல்கிற முகம் அவருக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. அவள் அதை நம்பிவிட்டிருந்தாள். அவரைச் சொல்ல வைத்த வார்த்தையைத் தினமும் ஊர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, கல்லறையில் அதையே வெட்டி வைத்துப் படித்துப் படித்து, தன் பெண் தன்னை விட்டுவிட்டு வேண்டுமென்றே போனாள் என்பதை மனதிலிருந்து துடைத்தெறிந்துவிட்டாள். அது இல்லாமல் அவளால் இத்தனை வருஷம் எழுந்து நடமாடியிருக்க முடியாது.

“எம் பொண்ணு அப்பிடிப்பட்டவ இல்ல. அந்த மாப்பிள்ளை இல்லன்னா வேற மாப்பிள்ளை. இந்நேரம் ரெண்டு புள்ளைங்களோட இருந்திருப்பா,” என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. “உன்மேல எனக்கு வெறுப்பில்ல சூசை. மொதல்ல இருந்துது. ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்காரேன்னு உன்னை மன்னிச்சுட்டேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டயே சொல்லிட்டேன். அந்த ஸ்டிக்கரைக்கூட அதுக்காகத்தான் எடுக்கல. தினமும் அடுப்பு பத்த வைக்கிறப்ப உனக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்றேன்.”

அவர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். உன் பெண் கேஸை மூடிவிட்டுத்தான் போனாள், உனக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று மூடினாள். அவருக்கு அவர் பேரைத் திருப்பித் தருவதற்கு அது ஒன்று போதும். அவளைக் கொன்று போடுவதற்கும் அது ஒன்று போதும். சூசை வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஒரு மனுஷன் அழுதால் பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியுமோ, அவளுக்கும் அப்படியே தெரிந்தது.

“அழாத. போனது போச்சு,” என்றாள்.

பால் பொங்கி வந்தது. அவள் திருகைத் திருப்பி அடுப்பை அணைத்துவிட்டு டம்ளர் எடுக்கத் திரும்பினாள். சூசை எழுந்தார். கிளம்பத்தான் எழுந்தார். கண் தானாகச் சிலிண்டர் பக்கம் போயிற்று, கையும் தானாகவே குனிந்து ரெகுலேட்டருக்குப் போயிற்று.

“சூசை,” என்றாள் அந்தோணிமேரி பின்னாலிருந்து. “அதைத் தொடாத.”

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அவள் ஆற்றித் தந்த காபியைக் குடித்தார். வாசப்படியில் வந்து செருப்பைப் போட்டார். வழக்கமாக அங்கே நின்று சொல்லுவதை அன்று சொல்லவில்லை. தெருவில் இறங்கிக் கடைப் பக்கம் நடந்தார். உள்ளே ரெகுலேட்டர் திறந்தபடியே இருந்தது.